தூளியின் நீளமும் தாலாட்டின் நடையும்: குடமுருட்டிக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு ஓட்டு வீட்டில் ஐந்து மாதம் தங்குதடையில்லாமல் ஓடிய தாலாட்டு, கும்பகோணத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனதும் தடுமாறியது. பாடியவர் அதே அம்மாயி, கேட்டது அதே பேத்தி. சொல் மறக்கவில்லை, குரலும் கெடவில்லை. தொட்டில்தான் மாறியிருந்தது. சேலையில் கட்டிய தூளி போய், இரும்பு ஸ்டாண்டில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டில் வந்திருந்தது.

“பாட்டு ஏற மாட்டேங்குது தம்பி. நான் ஆராரோன்னு இழுக்கறதுக்குள்ள அது குதிச்சிட்டுப் போயிடுது” என்றார் அவர். வீட்டில் மற்றவர்கள் இதை வயதின் தளர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது சுத்தமான தாளக் குறிப்பாகக் காதில் விழுந்தது. அதை அளந்து பார்த்ததன் பதிவு இது.

பாடியவர் எனக்குப் பெரியம்மா முறை. எழுபதைத் தொட்டவர். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலிலேயே வாழ்ந்தவர். நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி, தாலாட்டு எல்லாம் பாடுவார், முறையாகச் சங்கீதம் கற்றதில்லை. நான் மிருதங்கம் கற்றவன், எதைக் கேட்டாலும் விரல் தன்னால் எண்ணத் தொடங்கிவிடும். கைப்பேசி ஒலிப்பதிவு, கொத்தனார் வைத்திருக்கும் டேப், யாப்பிலக்கணம் இவை மூன்றும்தான் இந்த ஆய்வின் கருவிகள்.

பழைய வீட்டுத் தூளி

பழைய வீட்டில் தூளி தொங்கியது கூடத்து உத்திரத்தில். உத்திரம் தரையிலிருந்து 9 அடி உயரம். பழைய நூல் சேலையை மடித்து முடிச்சுப் போட்டு, துணி குழந்தையின் முகத்தில் ஒட்டாமல் இருக்கக் குறுக்கே ஒரு கட்டை கொடுத்திருந்தார்கள். குழந்தை கிடப்பது தரைக்கு 2 அடி மேலே. ஆக, உத்திரத்து முடிச்சிலிருந்து குழந்தையின் உடம்பு வரை 7 அடி.

பள்ளிக்கூடத்தில் தனி ஊசல் என்று ஒரு பாடம் உண்டு. நூலில் கட்டிய குண்டு ஒரு முறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது. குண்டின் எடை அதை மாற்றாது. அளவாக ஆட்டும் வரை, கொஞ்சம் கூடத் தள்ளினாலும் குறையத் தள்ளினாலும் நேரம் அநேகமாக அதேதான். தூளியும் அப்படித்தான். அடிக் கணக்கில் ஒரு சுருக்கு வழி சொல்கிறேன்: நீளத்தின் வர்க்கமூலத்தை 1.11 ஆல் பெருக்கினால், ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்பது வந்துவிடும். 7 அடிக்கு 2.9 விநாடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து ஆட்டம் எண்ணினால் 29 விநாடி வந்தது. கணக்கும் தூளியும் ஒத்துப்போயின.

இனி பாட்டு. தூளி அவரை விட்டு விலகிப் போகும்போது “ஆராரோ”. திரும்பி வரும்போது “ஆரிரரோ”. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற நேரம் ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவு.

இந்த இரண்டு சீர்களையும், அதாவது அசைகள் சேர்ந்த பாட்டின் அலகுகளையும், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எழுத்து ஒலிக்கும் நேரத்தின் அளவு மாத்திரை; குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்பது நம் இலக்கணக் கணக்கு. ஆ, ரா, ரோ மூன்றும் நெடில், ஆக 6 மாத்திரை. ஆரிரரோவில் ஆ இரண்டு, ரி ஒன்று, ர ஒன்று, ரோ இரண்டு, அதுவும் 6 மாத்திரை. போகிற ஆட்டமும் வருகிற ஆட்டமும் ஒரே நேரம் எடுப்பதால், இரண்டு சீரும் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் உள்ளே நடை வேறு. முதல் சீரில் மூன்று நீண்ட ஒலி. இரண்டாவது சீரில் நடு ஒலி மட்டும் இரண்டாக உடைகிறது. அசையாகப் பிரித்தால் (தனி எழுத்து நேர், குறிலோடு இன்னொரு எழுத்து சேர்ந்தால் நிரை) முன்னது நேர் நேர் நேர், தேமாங்காய். பின்னது நேர் நிரை நேர், கூவிளங்காய். இரண்டும் காய்ச்சீர், அதாவது நேரில் முடியும் மூவசைச் சீர்; இரண்டும் நேரசையில் தொடங்குகின்றன. ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் இணைப்பைத் தளை என்பார்கள்; காய் முன் நேர் வந்தால் வெண்டளை. எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பாடினாலும் தளை தட்டாது. பொருளே இல்லாத இந்த இரண்டு சீர்களை எப்போது கேட்டாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. ஒரு ஆட்டத்தின் போக்கும் வரவும் இதைவிடச் சுத்தமாக எழுத்தில் வந்துவிடாது.

மாத்திரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவு கண் இமைப்பதும் கை நொடிப்பதும். இந்தத் தூளியில் ஒரு மாத்திரைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட கால் விநாடி.

பெரியம்மாவின் கை முழு ஆட்டத்துக்கு ஒரு முறைதான் தூளியைத் தொடுகிறது. அவர் பக்கம் வந்து நின்று திரும்பும் அந்தக் கணத்தில் ஒரு தள்ளு. முதல் “ஆ” விழுவதும் அப்போதுதான். ரூபக தாளம் போட்டால் இது உட்காருகிறது. ரூபகத்துக்கு ஆறு அட்சரம், அதாவது ஆறு எண்ணிக்கை அலகு. இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று மூன்று எண்ணிக்கையில் போடுவது வழக்கம். ஒரு பாதி ஆட்டம் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று ஆகிறது. ஆனால் மேடையில் கேட்கிற ரூபகத்தின் சமமான தட்டு இதில் கிடையாது. ஒலிப்பதிவை வேகம் குறைத்து ஓட்டிக் கேட்டால் தெரிகிறது: தூளி நடுவில் விரைந்து ஓடும் இடத்தில் “ரிர” நெருங்கி விழுகிறது. முனையில் தூளி தயங்கி நிற்கும்போது “ரோ” தொங்குகிறது. சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்தால் இரு முனைகளில் மட்டும் பொருந்தும், இடையில் பொருந்தாது. முனைகளைத் தூளி பிடித்துக்கொள்கிறது, நடுவில் பாடுகிறவருக்குச் சுதந்திரம்.

சொல் கூடினாலும் குறைந்தாலும்

ஆராரோ முடிந்ததும் கண்ணிகள் தொடங்கும். இரண்டு அடி (வரி), அடிக்கு நான்கு சீர். பெரியம்மா அந்தந்த நேரத்துக்குக் கட்டிப் பாடுவார். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது பாடிய ஒன்று:

காவேரித் தண்ணிவந்து கன்னிவாய்க்கா நிறைஞ்சிருக்கு
ஒம்மாமன் நாத்தெடுத்து ஓரவயல் நடப்போறார்

எட்டுச் சீரும் காய்ச்சீர். “காவேரித் தண்ணிவந்து” என்பதை அசை பிரித்தால் ஆராரோ ஆரிரரோ அப்படியே கிடைக்கிறது: நேர் நேர் நேர், நேர் நிரை நேர். அடிக்கு ஒரே இடத்தில், மூன்றாம் சீருக்கும் நான்காம் சீருக்கும் நடுவில், காய் முன் நிரை வந்து கலித்தளை ஆகிறது. அது இரண்டடியிலும் ஒரே இடத்தில் வருகிறது. அவருக்குத் தளையின் பெயர் தெரியாது, ஆனால் காது வைத்த இடம் அது.

மாத்திரை எண்ணினால் இன்னும் சுவையாக இருக்கிறது (மெய்க்கும் கடைசிக் குறுகிய உகரத்துக்கும் அரை, இடையில் வரும் ஐகாரத்துக்கு ஒன்று). தண்ணிவந்து என்பதில் நாலரை மாத்திரைதான் உண்டு. கன்னிவாய்க்கா ஏழரை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று ஒட்டவில்லை, ஒன்று பிதுங்குகிறது. அடியாகக் கூட்டினால் முதலடி 23, இரண்டாமடியும் 23. நான்கு பாதி ஆட்டத்துக்கும் தூளி கொடுப்பது 24. மிச்சமிருக்கும் ஒரு மாத்திரையில்தான் அவர் மூச்சு வாங்குகிறார்.

சீர்களுக்குள் ஏற்ற இறக்கத்தை அவர் சமாளிக்கும் விதம் ஒலிப்பதிவில் நன்றாகவே கேட்கிறது. “வந்து” என்பதன் கடைசி உகரம் “வந்தூ” என்று நீள்கிறது. “வாய்க்கா” வாக்கா என்று சுருங்குகிறது. இன்னொரு கண்ணியில் இது உச்சத்துக்குப் போகிறது:

கும்பகோணம் போன அப்பா கொழுந்துவெத்தல வாங்கிவாரார்
கொஞ்சநேரம் கண்ணசந்தா கூப்பிடுவார் வாசலிலே

“கொழுந்துவெத்தல” எட்டு எழுத்து. ஆராரோ என்ற மூன்று எழுத்து உட்கார்ந்த அதே பாதி ஆட்டத்தில் இந்த எட்டும் ஏற வேண்டும். “கொழுந்து” என்பதைக் கடகடவென்று உருட்டிவிட்டு, “வெத்தல”யில் நிதானத்துக்கு வந்துவிடுகிறார். இதற்கு நேர்மாறாக, குழந்தை கண் சொருகும்போது “தூங்கு... கண்ணே... தூங்கு...” என்று மட்டும் பாடுகிறார். அங்கே “தூங்கு” ஒன்றே ஒரு பாதி ஆட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. தூளி யாருக்காகவும் காத்திருக்காது, சொல்தான் நீண்டும் குறுகியும் கொடுக்கிறது. இசையோடு சேரும்போது உயிர் தன் அளவைக் கடந்து ஒலிக்கும், மெய்யும் நீளும் என்று தொல்காப்பியத்தில் நூன்மரபு என்ற இயலின் கடைசி நூற்பா சொல்கிறது: “அளபிறந்து உயிர்த்தலும் ஒற்றிசை நீடலும்”. ஏட்டில் எழுதிய தாலாட்டைப் பார்த்து “இது யாப்பில் நிற்கவில்லை” என்று சொல்பவர்கள் இந்த நூற்பாவை மறந்துவிடுகிறார்கள்.

திருக்கண்ணபுரத்து வரி

டெல்டாவில் தாலாட்டு என்றால் திருக்கண்ணபுரத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. அந்த ஊர்ப் பெருமாளை இராமனாகக் கண்டு குலசேகராழ்வார் பாடிய தாலாட்டு பெருமாள் திருமொழியில் எட்டாம் திருமொழி. “மன்னுபுகழ்க் கோசலைதன் மணிவயிறு வாய்த்தவனே” என்று தொடங்கி, நான்காம் அடியில் “என்னுடைய இன்னமுதே இராகவனே தாலேலோ” என்று முடிகிறது. இந்தப் பாசுரத்தின் பதினாறு சீரும் காய்ச்சீர். கடைசிச் சீரான தாலேலோ ஆராரோவின் அதே அச்சு: மூன்று நெடில், ஆறு மாத்திரை, நேர் நேர் நேர்.

பெரியம்மா வீட்டுத் தூளியை ஆட்டிக்கொண்டே இதை நான் பாடிப் பார்த்தேன். அடிக்கு இரண்டு ஆட்டம், ஒவ்வொரு தாலேலோவும் தூளி கைக்குத் திரும்பும்போது சரியாக முடிகிறது. கோயிலில் சேவிக்கிற பாசுரமும், நடவு முடித்து வந்த கையோடு பாடுகிற கண்ணியும் ஒரே ஆட்டத்தில் உட்கார்வதற்கு இடையில் பாட புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை.

கச்சேரிப் பக்கம் போனால், தாலாட்டு என்றதும் எல்லோரும் நீலாம்பரியைச் சொல்வார்கள். நாகப்பட்டினம் நீலாயதாட்சி மேல் முத்துசுவாமி தீட்சிதர் செய்த கிருதி அந்த ராகத்தில்தான். பெரியம்மாவின் மெட்டு நாலைந்து சுரத்துக்குள் சுற்றி வருகிறது, அதை ராகம் என்று பெயரிட நான் விரும்பவில்லை. தூக்கத்தை ராகத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிடும் பழக்கம் நமக்கு அதிகம். இந்த நிகழ்வில் ராகம் மாறவேயில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் தொட்டில்

கும்பகோணத்து வீட்டில் கொக்கி இருந்த இடத்தில் எல்லாம் மின்விசிறி. அதனால் மாப்பிள்ளை வீட்டார் ஸ்பிரிங் தொட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் வாங்கியதுதான், விலையும் கூடத்தான். தொட்டிலும் குழந்தையும் சேர்ந்த எடையில் ஸ்பிரிங் மொத்தம் 9 அங்குலம் இறங்கியது. மேலும் கீழும் ஆடும் ஸ்பிரிங்குக்கும் அதே சுருக்கு வழி பொருந்தும். நீளத்துக்குப் பதிலாக, எடையால் அது எவ்வளவு இறங்கியது என்பதைப் போட வேண்டும். 9 அங்குலம் என்றால் முக்கால் அடி, ஒரு ஆட்டத்துக்கு 0.96 விநாடி.

இங்கேதான் பாட்டு இடறியது. ஆராரோவுக்கு அவர் உடம்பில் ஊறியிருந்த நேரம் 1.45 விநாடி. அது இந்தத் தொட்டிலின் ஒரு குதியும் அல்ல, இரண்டு குதியும் அல்ல, ஒன்றரைக் குதி. முதல் ஆராரோ தொட்டில் கீழே இருக்கும்போது தொடங்கினால், அடுத்த ஆரிரரோ மேலே இருக்கும்போது தொடங்கும். சீருக்குச் சீர் தலைமாறுகிறது. ஒலிப்பதிவில் அவர் ஒரு சீரை விரட்டுவதும் அடுத்ததை இழுப்பதுமாக அல்லாடுவது கேட்கிறது. இரண்டு கண்ணிக்குள் நிறுத்திவிடுகிறார்.

ஒரு சீரை ஒரு குதிக்குள் அடக்கச் சொல்லிப் பார்த்தோம். பாட்டு கும்மி வேகத்துக்கு ஏறிவிட்டது. குழந்தை சிரித்துக்கொண்டு கையைக் காலை உதைத்தது, தூக்கம் போன இடம் தெரியவில்லை. சீருக்கு இரண்டு குதி என்று இழுக்கச் சொன்னோம். பாட்டின் ஒரு அடி, முன்பு 5.8 விநாடி எடுத்தது, இப்போது 7.7 எடுத்தது. அடி முடியும்போதுதான் மூச்சு வாங்குவது அவர் வழக்கம், நான்காம் சீரில் குரல் கம்மிவிட்டது. “நெஞ்சை அடைக்குதுடா” என்றார். அதோடு விட்டோம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. குழந்தை எடை கூடக் கூட ஸ்பிரிங் இன்னும் இறங்கும், ஆட்டத்தின் நேரம் நீளும். இன்று பழகிய நடை இரண்டு மாதம் கழித்து இருக்காது. தூளியோ, பச்சைக் குழந்தையிலிருந்து எட்டிப் பிடித்து எழுந்து உட்காரும் வரை, கட்டிய உயரம் மாறாத வரை ஒரே நடையைத்தான் கொடுக்கும். பாட்டும் ஆட்டமும் சேர்ந்து பழக அது போதுமான காலம்.

லாஃப்ட்டுக்குக் கீழே

பெரியம்மாவே ஒரு வழி சொன்னார். படுக்கையறையில் சாமான் போட்டு வைக்கும் கான்கிரீட் லாஃப்ட் இருந்தது. கொத்தனாரை வைத்து அதன் அடியில் உறுதியான இரும்புக் கொக்கி அடித்து, அதே பழைய சேலையில் தூளி கட்டினார்கள். லாஃப்ட் 7 அடி உயரம், குழந்தை தரைக்கு 2 அடி மேலே, தூளியின் நீளம் 5 அடி. ஒரு ஆட்டத்துக்கு 2.5 விநாடி.

அன்று மத்தியானமே பாட்டு வந்துவிட்டது. ஆனால் அது பழைய பாட்டு அல்ல. ஆட்டம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறுகியிருந்ததால் நடை விறுவிறுப்பாகியிருந்தது. “ரோ”வின் வால் அறுந்திருந்தது. முனையில் முன்பு தொங்கிய “கண்ணே” என்ற சேர்க்கைச் சொல் காணாமல் போயிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் வெற்றிலைக் கண்ணியில். இப்போது அவர் பாடுவது:

கும்பகோணம் போன அப்பா வெத்தல வாங்கிவாரார்

கொழுந்து போய்விட்டது. “ஏன் பெரியம்மா கொழுந்தை விட்டுட்டீங்க?” என்று கேட்டேன். “விட்டுட்டேனா?” என்று அவரே திரும்பக் கேட்டார். யோசித்து எடுத்த சொல் இல்லை அது. எட்டு எழுத்தை உருட்ட 7 அடித் தூளியில் இருந்த இடம் 5 அடித் தூளியில் இல்லை, அதனால் சீர் தானாகவே கூவிளமாகச் சுருங்கிவிட்டது. “கன்னிவாய்க்கா” மட்டும் அப்படியே நின்றது. அதைச் சுருக்கினால் முதலடியின் மோனை போய்விடும், காது விடவில்லை போலிருக்கிறது.

மடியில் போட்டுத் தட்டும்போது என்ன ஆகிறது என்பதையும் பார்த்தேன். சுருக்கமாகச் சொன்னால், அங்கே கை பாட்டுக்குக் கட்டுப்படுகிறது. ஆ, ரா, ரோ மூன்றுக்கும் மூன்று தட்டு, பாட்டு தாமதித்தால் தட்டும் தாமதிக்கிறது. தூளி அப்படிக் கட்டுப்படாது. மரத்தடித் தூளியைப் பற்றி அவர் சொன்னதும் இதோடு சேர்கிறது. நடவுக்குப் போகும்போது வரப்போரத்து மரக்கிளையில் தூளி கட்டி, பெரிய பிள்ளை ஒன்றை ஆட்ட விட்டுவிட்டுப் போவார்களாம். “மரத்துத் தூளியில நல்லா இழுத்து இழுத்துத்தான் பாடணும்” என்றார். 10 அடித் தூளி என்றால் 3.5 விநாடி வருகிறது. கணக்கு தெரியாமல் சொன்னது கணக்கோடு ஒத்துப்போகிறது.

எதை இதிலிருந்து எடுக்க முடியாது

குழந்தை லாஃப்ட் தூளியில் தூங்கியது பாட்டு சரியானதாலா, ஊசலாட்டம் திரும்பி வந்ததாலா, சேலையின் பழகிய வாசனையாலா என்பதை இந்த ஒரு நிகழ்வில் பிரித்துச் சொல்ல வழியில்லை. புது வீடு, புது முகங்கள், மின்விசிறிச் சத்தம் எல்லாம் சேர்ந்தே இருந்தன. ஆகவே ஸ்பிரிங் தொட்டிலில் பிள்ளை தூங்காது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ வீட்டில் தூங்குகின்றன. நான் உறுதியாகச் சொல்வது பாடியவரைப் பற்றி. பாட்டின் அளவு தூளியின் நீளத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த நீளம் மாறியபோது நடை மாறியது, சொல் உதிர்ந்தது. ஆட்டத்தின் வகையே மாறியபோது பாட்டு நின்றது. வயதை இதற்குக் காரணம் சொன்ன வீட்டாரிடம் இரண்டு ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். மகள் கேட்டுவிட்டு, “அம்மா, அந்தக் கொழுந்து வெத்தலயப் பழையபடி பாடும்மா” என்றாள்.

தாலாட்டைப் பதிவு செய்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சொல்லை எழுதுகிறோம், மெட்டைப் பதிகிறோம், பாடியவரின் ஊரையும் வயதையும் குறிக்கிறோம். தூளி எங்கே தொங்கியது, எத்தனை அடி என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். தூளி இல்லாமல் நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால், அதையும் குறியுங்கள். கைப்பேசியைத் தரையில் வைத்தால் துணி உரசும் சத்தம் பதிவாகும், ஆட்டத்தை அதை வைத்தே எண்ணிவிடலாம். டேப் இல்லையென்றாலும் பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எழுதினால் போதும், நீளத்தைத் திருப்பிக் கணக்கிடலாம்.

என் அடுத்த வேலை கீழ்த்தஞ்சைப் பக்கம், வேதாரண்யம் போகிற வழியில் உள்ள கூரை வீடுகள். விட்டம் தாழ்ந்த வீட்டில் தூளி 4 அடிதான் இருக்கும், ஆட்டத்துக்கு 2.2 விநாடி. இந்தக் கணக்கு சரியென்றால் அங்கே சீர்கள் குறுகியும் ரோவின் வால் அறுந்தும் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், தூளியைவிட வலுவான வேறொன்று அங்கே பாட்டைப் பிடித்திருக்கிறது, அதைத் தேட வேண்டும்.